கல்லிடைக்குறிச்சிக்கு 14 விசைகள்: ஓராண்டுக்குப் பின் தமிழ்99 விசைப்பலகை

திருநெல்வேலி டவுனில், நெல்லையப்பர் கோவில் ரத வீதியை ஒட்டிய சந்து ஒன்றில் சிறிய அச்சகம் நடத்திவரும் அண்ணாச்சி ஒருவர், கணினியில் எந்தச் சிக்கல் வந்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார். கல்யாணப் பத்திரிகை, கோவில் கொடை நோட்டீஸ், நினைவஞ்சலிச் சுவரொட்டி என்று ஆண்டு முழுவதும் அவருக்கு வேலை இருக்கும். சென்ற ஆண்டு ஆடி மாதம், கொடை நோட்டீஸ்கள் குவிந்து கிடந்த ஒரு மாலையில், வாடிக்கையாளர் கைப்பேசியில் அனுப்பிய வரிகளைத் தம் கணினியில் ஒட்டினால் எழுத்துக்குப் பதில் வெறும் கட்டங்களாக விழுகின்றன என்று அழைத்தார். போய்ப் பார்த்தேன். அனுப்பியவர் ஒருங்குறியில் (யூனிகோடில்) எழுதியிருந்தார். அண்ணாச்சியிடம் இருந்ததோ இருபது ஆண்டுகளுக்கு முந்தைய எழுத்துரு. கைப்பேசியைப் பக்கத்தில் சாய்த்து வைத்துக்கொண்டு, கொடைக்கு வரிப்பணம் கொடுத்தவர்களின் பெயர்கள் அத்தனையையும் அவர் முதலிலிருந்து மறுபடியும் தட்டிக்கொண்டிருந்தார். அன்றைக்குத்தான் இருவரும் ஒருங்குறிக்கும், அதில் தட்டுவதற்குத் தமிழ்99 என்ற விசைப்பலகை அமைப்புக்கும் மாறுவது என்று முடிவு செய்தோம். அவர் கடையிலும் பாளையங்கோட்டையில் என் வீட்டிலும் அதை ஓராண்டுக்கு மேல் நாள்தோறும் பயன்படுத்திய பிறகு இந்த மதிப்புரையை எழுதுகிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கணினியில் நாளொன்றுக்கு ஒரு பக்கமாவது தமிழில் எழுதுகிறவர், வேறு எந்த முறையில் எவ்வளவு பழகியிருந்தாலும், தமிழ்99க்கு மாறுவது நல்லது. இதற்கு விலை கிடையாது. புதிதாக ஒரு கருவியும் வாங்க வேண்டியதில்லை. மேசைமேல் ஏற்கெனவே இருக்கும் ஆங்கில விசைப்பலகையே போதும். செலவாவது சில வாரப் பழக்கம் மட்டுமே.

தொடங்குமுன் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும், ஏனெனில் அச்சகங்களிலும் கணினி மையங்களிலும் பலர் இதில் தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன். எழுத்துரு என்பது எழுத்தின் தோற்றம். குறியேற்றம் என்பது அந்த எழுத்தைக் கணினி எந்த எண்ணாக நினைவில் வைக்கிறது என்பது. விசைப்பலகை அமைப்பு என்பது எந்த விசையைத் தட்டினால் எந்த எழுத்து வரும் என்பது. மூன்றும் வேறு வேறு. பழைய தமிழ் மென்பொருள்களில் இவை மூன்றும் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன. ஆங்கில எழுத்துகளுக்கு உரிய எண்களின்மேல் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்திருந்ததால், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் கோப்பைத் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் சிதறிக் கிடக்கும். ஒருங்குறி வந்த பிறகு தமிழுக்கென 128 இடங்கள் தனியே ஒதுக்கப்பட்டுவிட்டன. ஆகவே தமிழ்99இல் தட்டினாலும், தட்டச்சுப்பொறி அமைப்பில் தட்டினாலும், கைப்பேசியில் விரலால் எழுதினாலும், சேமிக்கப்படுவது ஒன்றேதான். "இதுக்கு மாறினா என் பழைய ஃபைல் எல்லாம் போயிருமா தம்பி?" என்று அண்ணாச்சி கேட்டபோது நான் சொன்ன பதிலும் இதுவே: விசைப்பலகையை மாற்றுவதால் பழைய கோப்புகளுக்கு ஒன்றும் ஆகாது, அவற்றை ஒருங்குறிக்கு மாற்றுவது தனி வேலை.

தமிழ்99 பிறந்த பின்னணியும் சுருக்கமாகத் தெரிந்திருக்க வேண்டும். தமிழ்த் தட்டச்சுப்பொறிக்கு அடித்தளம் இட்டவர் யாழ்ப்பாணத்தில் பிறந்து சிங்கப்பூரில் பணியாற்றிய இரா. முத்தையா. அவர் வழியில் வந்த விசை அமைப்பே பின்னர் கணினிக்குள்ளும் நுழைந்தது. 1986இல் மத்திய அரசின் மின்னணுத் துறை, இந்திய மொழிகள் பலவற்றுக்கும் பொதுவாக இன்ஸ்கிரிப்ட் என்ற அமைப்பை வகுத்தது. வடமொழி வரிசையை மனத்தில் வைத்து ஆக்கிய அந்த அமைப்பில், க, ச, ட, த, ப ஒவ்வொன்றுக்கும் நான்கு ஒலிகளுக்கான இடங்கள் உண்டு; தமிழுக்கு அவற்றில் ஒன்றே தேவைப்படுவதால் மற்ற இடங்கள் வீணாகின்றன. தொண்ணூறுகளில் ஒவ்வொரு மென்பொருளும் தனக்கென ஒரு விசை அமைப்பையும் ஒரு குறியேற்றத்தையும் வைத்துக்கொண்டிருந்த நிலையில், 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணையம் 99 மாநாட்டில் அறிஞர்களும் கணினி வல்லுநர்களும் கூடி ஆய்ந்ததன் விளைவாக இந்தப் பொது விசைப்பலகை உருவாயிற்று. அதே ஆண்டில் தமிழ்நாட்டு அரசும் அதை ஏற்றது. அதனோடு வந்த டாம், டாப் என்ற குறியேற்றங்கள் காலத்தில் பின்தங்கிவிட்டன. 2010இல் அரசு ஒருங்குறியை ஏற்ற பிறகு அவற்றுக்கு வேலை இல்லாமல் போயிற்று. விசைப்பலகை மட்டும் நிலைத்தது.

நிலைத்ததற்குக் காரணம் அதன் இலக்கணம்தான். உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1, ஆக 31 விசைகளில் தமிழின் 247 எழுத்துகளும் அடங்கிவிடுகின்றன. இவற்றில் எதற்கும் ஷிஃப்ட் விசையை அழுத்த வேண்டியதில்லை; ஸ, ஷ, ஜ, ஹ போன்ற கிரந்த எழுத்துகளுக்கு மட்டும் அது தேவைப்படும். உயிரெழுத்துகள் எல்லாம் இடக்கைப் பக்கம், மெய்கள் பெரும்பாலும் வலக்கைப் பக்கம். ங, வ இரண்டு மட்டும் இடக்கைக்குப் போயிருக்கின்றன. மெய் விசையை மட்டும் தட்டினால் க, த போல அகரம் சேர்ந்து வரும்; அடுத்து உயிரைத் தட்டினால் அதற்குரிய உயிர்மெய் வந்துவிடும். நாம் பள்ளியில் படித்த "மெய்யும் உயிரும் சேர்ந்து உயிர்மெய்" என்ற பாடம் அப்படியே விரலுக்கு இறங்குகிறது.

இந்த ஒழுங்கின் அருமை தட்டச்சுப்பொறி அமைப்போடு ஒப்பிட்டால்தான் விளங்கும். அங்கே "கொ" என்று எழுத முதலில் ஒற்றைக் கொம்பு, பிறகு க, பிறகு கால் என மூன்று முறை தட்ட வேண்டும். கண்ணுக்குத் தெரியும் வரிசையில் காகிதத்தில் அச்சு விழவேண்டிய இயந்திரத்துக்கு அதுவே வழி. ஒருங்குறியோ க முதலில், ஒகரக் குறி பிறகு என்று ஒலியின் வரிசையில் சேமிக்கிறது. தமிழ்99இல் க, ஒ என்று இரண்டு விசைகளைத் தட்டுகிறோம். மனத்தில் ஒலிக்கும் வரிசையும், விரல் செல்லும் வரிசையும், கணினி சேமிக்கும் வரிசையும் ஒன்றாகிவிடுகின்றன.

விரல்கள் ஓய்ந்திருக்கும் நடு வரிசையில் இடக்கைக்கு அ, இ, உ, ஃ, எ; வலக்கைக்கு க, ப, ம, த, ந, ய. தமிழில் நாம் அடிக்கடி எழுதும் எழுத்துகளில் பெரும்பகுதி இங்கேயே இருக்கிறது. "இந்த", "அந்த", "பகுதி", "உதயம்" போன்ற சொற்களை நடு வரிசையை விட்டு விரலை நகர்த்தாமலே எழுதிவிடலாம். ஆங்கில எஃப் விசையில் தடவிப் பார்க்க ஒரு சிறு மேடு இருக்கிறதல்லவா, அதில்தான் புள்ளி இருக்கிறது. மெய்யை அடுத்து அதைத் தட்டினால் புள்ளி; "எஃகு", "அஃது" போல உயிரை அடுத்துத் தட்டினால் ஆய்தம்.

ஆனால் அந்தப் புள்ளி விசையையும் நாம் குறைவாகவே தொடுகிறோம் என்பதுதான் என்னை இந்த அமைப்பின்பால் முழுமையாக ஈர்த்தது. ஒரே மெய்யை அடுத்தடுத்து இருமுறை தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக விழும். ங-க, ஞ-ச, ண-ட, ந-த, ம-ப, ன-ற ஆகிய மெல்லின வல்லின இணைகளை அடுத்தடுத்துத் தட்டினாலும் அப்படியே. முதல் நாள் அண்ணாச்சியை எதிரே உட்காரவைத்து த, ம, ப, இ என்று நான்கு விசைகளை ஒவ்வொன்றாகத் தட்டச் சொன்னேன். திரையில் "தம்பி" என்று வந்தது. அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு திரைக்கு அருகில் குனிந்தார். "நான் புள்ளியே வைக்கலியே தம்பி, அதுவா வந்து உக்காந்துட்டு!" என்றார். பழைய அமைப்பில் முப்பது ஆண்டுகள் தட்டிய கை அவருடையது. அன்று மாலைக்குள் ஊர்ப்பெயர்களையெல்லாம் தட்டிப் பார்த்துவிட்டார்.

ஊர்ப்பெயர்களைக் கொண்டே நானும் அளந்து பார்த்தேன். கல்லிடைக்குறிச்சி என்ற பெயரில் ல்ல, க்க, ச்ச என மூன்று இரட்டிப்புகள். தமிழ்99இல் க, ல, ல, இ, ட, ஐ, க, க, உ, ற, இ, ச, ச, இ எனப் 14 விசைகள். புள்ளி விசையைத் தொடவே இல்லை. அதையே, ஒலியை ஆங்கில எழுத்துகளில் தட்டித் தமிழாக்கிக்கொள்ளும் ஆங்கில ஒலிபெயர்ப்பு முறையில் எழுதினால் 17 அல்லது 18 எழுத்துகளும், வல்லின றகரத்துக்கு ஒரு ஷிஃப்டும் வேண்டும். கங்கைகொண்டானுக்கு 11 விசைகள். ஒலிபெயர்ப்பில் 13ம் ணகரத்துக்கு ஒரு ஷிஃப்டும். எல்லாப் பெயரிலும் இவ்வளவு மிச்சம் இருக்காது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். திருநெல்வேலி என்று எழுத இதில் 12 விசைகள், அதில் 12 அல்லது 13. சொல் ஒன்றுக்கு இரண்டு மூன்று தட்டுகள் குறைவது பெரிய செய்தியாகத் தோன்றாமல் இருக்கலாம்; முகூர்த்தக் காலத்தில் நாள் முழுவதும் பத்திரிகை தட்டுகிறவரின் மணிக்கட்டைக் கேட்டால் அதன் அருமையைச் சொல்லும்.

இனிக் குறைகளுக்கு வருகிறேன். தானியங்கிப் புள்ளி வேண்டாத இடத்திலும் விழும். தாமிரபரணிக் கரையில் இருப்பவர்களுக்கு முதலில் இடறுவது "நதி" என்ற சொல்தான். ந, த, இ என்று தட்டினால் நகரமும் தகரமும் இணை என்பதால் "ந்தி" என்று வந்து நிற்கும். நகரத்தை அடுத்து அகர விசையை ஒருமுறை தட்டிவிட்டுத் தகரத்துக்குப் போக வேண்டும். "பப்பாளி", "தத்துவம்", "சச்சரவு" போன்றவற்றிலும் முதல் எழுத்தை அடுத்து இதே அகரம் தேவை. விதி எளிதுதான், ஆனால் யாரும் சொல்லித் தராவிட்டால் புதியவர் "நதி"யில் சிக்கி, மென்பொருளில் கோளாறு என்று எண்ணி அங்கேயே கைவிட்டுவிடுவார். கற்றுத் தருகிறவர்கள் முதல் பாடத்திலேயே இதைச் சொல்லிவிட வேண்டும்.

இரண்டாவது குறை சற்றுக் கடுமையானது. வலக்கைச் சிறுவிரல்மேல் ண, ச, ஞ, ந, ய, ழ ஆகிய ஆறு எழுத்துகள் சுமத்தப்பட்டுள்ளன. ஞ, ழ எப்போதோ வருபவை. ச, ந, ய அப்படியல்ல. மேல் வரிசையில் சகரம் இருக்கும் சதுர அடைப்புக்குறி விசைக்குச் சிறுவிரலை நீட்டும்போது கையே சற்று நகர்கிறது. விசைகளைக் குறுக்கி அமைத்த சிறிய மடிக்கணினிகளில் இந்த வலப்பக்க விசைகள் இன்னும் ஒடுங்கி இருப்பதால், தொடக்கத்தில் சகரத்துக்குப் பதில் ஞகரமே அடிக்கடி விழுந்தது. முழு அளவுள்ள தனி விசைப்பலகையை இணைத்த பிறகுதான் என் பிழை குறைந்தது. வாங்கப் போகிறவர்கள், வலக்கோடியில் உள்ள அடைப்புக்குறி, அரைப்புள்ளி, சாய்கோடு விசைகள் மற்ற விசைகளின் அளவிலேயே இருக்கின்றனவா என்று கடையில் பார்த்து வாங்குங்கள்.

தமிழ் எழுத்துப் பொறித்த விசைப்பலகையைத் தேடி வண்ணாரப்பேட்டையிலும் ஜங்ஷனிலும் பல கடைகள் ஏறி இறங்கினேன், கிடைக்கவில்லை. ஒட்டிகளை இணையத்தில் வரவழைத்தோம். அண்ணாச்சியின் விசைப்பலகையில் அவற்றை ஒட்டினேன், என்னுடையதில் ஒட்டவில்லை. ஒட்டி இல்லாமல், திரையின் ஓரத்தில் விசைப்படத்தை வைத்துக்கொண்டு பழகிய எனக்கு மூன்று வாரத்தில் விரல் பழகிவிட்டது. ஒட்டியைப் பார்த்துப் பார்த்துத் தட்டிய அண்ணாச்சிக்கு இரண்டு மாதம் பிடித்தது. ஆனால் பழகும் நாளிலும் கடை வேலை நிற்காமல் நடக்க வேண்டிய அவருக்கு வேறு வழியும் இல்லை.

ஆங்கில ஒலிபெயர்ப்பு முறையைப் பற்றித் தனியே பேச வேண்டும், ஏனெனில் இன்று மிகப் பலர் அதில்தான் எழுதுகிறார்கள். அதன் நன்மையை மறுக்க மாட்டேன். ஆங்கில விசைப்பலகை தெரிந்தவர் அடுத்த நிமிடமே தமிழில் எழுதத் தொடங்கிவிடலாம், வெளிநாட்டில் வளரும் பிள்ளைகளுக்கு அது ஒரு நல்ல வாசல். எனினும் தமிழ்நாட்டில், அதுவும் ஆங்கிலவழிப் பள்ளிகளில் படிக்கும் நம் பிள்ளைகள், தமிழ் எழுத்தை ஆங்கில எழுத்தின் வழியாகவே நினைக்கப் பழகுவது எனக்கு உண்மையாகவே கவலை தருகிறது. என் அக்காள் மகள் ஒருநாள் "நாளை பல்லி விடுமுறை மாமா" என்று செய்தி அனுப்பியிருந்தாள். பள்ளி என்று எழுத நினைத்திருக்கிறாள். கைப்பேசி முதலில் காட்டிய சொல்லைத் தொட்டுவிட்டாள். லகர ளகர ழகரமும், னகர ணகர நகரமும் ஆங்கிலத்தில் ஒரே எழுத்துக்குள் அடைபட்டுக் கிடக்கும்போது, எது சரி என்று தெரிந்திருக்க வேண்டிய பொறுப்பு எழுதுகிறவரிடமிருந்து பரிந்துரைப் பட்டியலுக்குப் போய்விடுகிறது. தமிழ்99இல் ல ஓரிடம், ள ஓரிடம், ழ ஓரிடம். எந்த விரல் என்று தீர்மானிக்கும்போதே எந்த எழுத்து என்பதும் தீர்மானமாகிவிடுகிறது. இந்தக் கோடை விடுமுறையில் அவளுக்கு இதைக் கற்றுக் கொடுத்தேன். பெரியவர்களைவிட விரைவாகப் பிடித்துக்கொண்டாள்.

எழுத்துத் துல்லியம் வேறொரு வகையிலும் காக்கப்படுகிறது. "ஔவையார்" என்ற பெயரை இணையத்தில் தேடினால் பாதிப் பேர் ஒகரத்தையும் ளகரத்தையும் பக்கத்தில் வைத்து "ஒளவையார்" என்று எழுதியிருப்பதைக் காணலாம். கண்ணுக்கு ஏறத்தாழ ஒன்றுபோல் இருக்கும். கணினிக்கு இரண்டும் வெவ்வேறு சொற்கள், ஆகவே ஒன்றைத் தேடினால் மற்றது அகப்படாமல் போகலாம். தமிழ்99இல் ஔகாரத்துக்குத் தனி விசையே உண்டு. அதைத் தட்டினால் ஓர் எழுத்தாகவே சேமிக்கப்படும்.

தட்டச்சுப் பயிலகங்களில் படிப்போர்க்கு என் அறிவுரை வேறு. பாளையங்கோட்டையில் மாலை நேரங்களில் இன்றும் தட்டச்சுப்பொறிகளின் ஓசை கேட்கும் தெருக்கள் உண்டு. தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் தமிழ்த் தட்டச்சுத் தேர்வுக்கும், அந்தச் சான்றிதழைக் கேட்கும் அரசுப் பணிகளுக்கும் ஆயத்தமாகிறவர்கள் பழைய அமைப்பையே கற்க வேண்டும். தேர்வு முடியும்வரை இரண்டையும் கலக்க வேண்டாம். கொக்கிரகுளத்தில் ஆட்சியர் அலுவலகத்தை ஒட்டி, திங்கட்கிழமைக் குறைதீர் நாளுக்காக மனு தட்டிக் கொடுப்பவர்களிடமும் பேசிப் பார்த்தேன். அவர்களுக்குப் பழைய அமைப்பில் மின்னல் வேகம். மாறுவதில் அவர்களுக்கு ஆதாயம் இல்லை. பழைய விசை அமைப்பை வைத்துக்கொண்டே ஒருங்குறியில் எழுத இ-கலப்பை போன்ற இலவச மென்பொருள்கள் உதவும் என்று சொன்னேன். அதைக் கேட்டதும் ஒருவர் உடனே நிறுவித் தரச் சொன்னார்.

கைப்பேசியில் தமிழ்99 எனக்குச் சிறக்கவில்லை. 31 எழுத்துகளை அகலம் குறைந்த திரையில் அடுக்கும்போது விசைகள் சிறுத்துவிடுகின்றன. இரு கை மாறி மாறித் தட்டும் தாளமும் கட்டைவிரலில் கிடைப்பதில்லை. ஐஃபோனில் இது உடன் வருகிறது, ஆண்ட்ராய்டில் செல்லினம் செயலியில் இருக்கிறது. கணினியில் பழகியவர்கள் அதே நினைவில் அங்கும் எழுதலாம் என்பதே அங்குள்ள பயன். குரல்வழி எழுத்து நல்ல தமிழுக்கு ஓரளவு உதவுகிறது, ஆனால் அண்ணாச்சி இயல்பாகப் பேசும் நெல்லைத் தமிழில் "வந்துட்டு", "போயிருக்காவ" என்று சொன்னால் திரையில் வருவதைத் திருத்தும் நேரத்தில் இரண்டு முறை தட்டிவிடலாம்.

நிறுவுவது எளிது. மேக் கணினியில் உள்ளீட்டு மூலங்களில் தமிழைச் சேர்க்கும்போதே தமிழ்99 பட்டியலில் தெரியும். புதிய விண்டோஸில் மொழி அமைப்பில் தமிழைச் சேர்த்து விசைப்பலகையைத் தேர்ந்துகொள்ளலாம். இ-கலப்பை, என்எச்எம் ரைட்டர் வழியாகவும் பெறலாம். லினக்ஸில் ஐபஸ் எம்17என் தொகுப்பில் இருக்கிறது. நான் பயன்படுத்துவது அதுவே. எதை நிறுவினாலும் முதலில் கல்லிடைக்குறிச்சி என்று புள்ளி விசையைத் தொடாமல் தட்டிப் பாருங்கள். மூன்று புள்ளிகளும் தாமாக வந்தால் விதிகள் முழுமையாக உள்ளன. வராவிட்டால் அந்த மென்பொருளை நீக்கிவிட்டு வேறொன்றை நிறுவுங்கள். பாதி விதியோடு பழகிய விரலைப் பின்னால் திருத்துவது கடினம்.

இந்த ஆடியில் அண்ணாச்சியின் கடைக்குப் போனபோது, வாடிக்கையாளர்கள் அனுப்பிய வரிகளை அப்படியே ஒட்டி, பிழை மட்டும் திருத்திக்கொண்டிருந்தார். விசைப்பலகையில் உயிரெழுத்து ஒட்டிகள் தேய்ந்து உரிந்துவிட்டிருந்தன. வேறு வாங்கித் தரவா என்று கேட்டேன். "வேண்டாம் தம்பி, ழ மட்டும் இருந்தாப் போதும், அது ஒண்ணுதான் இன்னும் தேடுது" என்று சொல்லிவிட்டு, சாய்கோட்டு விசைமேல் பெயர்ந்திருந்த ஒட்டியின் ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்திவிட்டு அடுத்த நோட்டீஸைத் தட்டத் தொடங்கினார்.